கணுவுக்குக் கணு வேர்

வடசென்னையின் மணலி மார்க்கெட்டில் முழுப் பரங்கிக்காய் கேட்பவர்கள் குறைவு. நான்கு பேர் உள்ள வீட்டுச் சாம்பாருக்கு ஒரு பத்தை போதும். பொங்கலன்று கூட்டுக்கு இன்னொரு பத்தை. கடைக்காரர் காயைப் பிளந்தே வைத்திருப்பார். அப்போதுதான் வெட்டிய காயாக இருந்தால், வெட்டுவாயில் தோலை ஒட்டினாற்போல் முத்து முத்தாகப் பிசுபிசுப்பான நீர் துளிர்த்து நிற்பதைப் பார்க்கலாம். சற்று நேரத்தில் அது கெட்டிப்பட்டு வெட்டை மூடிவிடும். ஒரு காய் எப்படி ஆயிரம் கிலோவைத் தாண்டுகிறது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அந்தத் துளிகளில் இருக்கிறது. மீதிப் பாதி மண்ணில் இருக்கிறது.

ஆயிரம் கிலோ என்பது மிகைப்படுத்திச் சொல்வதல்ல. 2025 அக்டோபரில் இங்கிலாந்தில் எடை போடப்பட்ட ஒரு பரங்கிக்காய் 1,278.8 கிலோ இருந்தது. தென்கடற்கரையோர ஊரான லிமிங்டனைச் சேர்ந்த இயன் பேட்டன், ஸ்டூவர்ட் பேட்டன் என்ற இரட்டைச் சகோதரர்கள் அதை வளர்த்தார்கள். அதற்கு முந்தைய சாதனை 2023-இல் அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த டிராவிஸ் கீஞ்சருடையது. எடை 1,247 கிலோ. நாம் சமைக்கும் பரங்கியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 92 கிராம் தண்ணீர். அதே விகிதத்தை வைத்துப் பார்த்தால், பேட்டன் சகோதரர்களின் ஒற்றைக் காய்க்குள் 1,170 லிட்டருக்கு மேல் தண்ணீர் இருந்திருக்கிறது. அத்தனையும் ஒரே காம்பு வழியாக உள்ளே போனது.

இந்த வகைக்கு ‘அட்லாண்டிக் ஜயன்ட்’ என்று பெயர். கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் வின்சர் என்ற ஊரில் பண்ணை வைத்திருந்த ஹோவர்ட் டில் என்ற விவசாயி, பல ஆண்டுகள் காய்களைத் தேர்ந்தெடுத்துக் கலந்து உருவாக்கியது. 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் உலகப் பட்டம் அவருக்குத்தான். 1981-இல் அவருடைய சாதனைக் காய் 493.5 பவுண்டு, அதாவது 224 கிலோ. அதன் பிறகு 44 ஆண்டுகளில் எடை ஐந்து மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. இன்று போட்டிக்கு வரும் பெரிய காய்கள் அனைத்தும் டில்லின் விதையில் வந்த வாரிசுகளே.

தாவரவியல்படி இது குக்குர்பிட்டா மேக்சிமா. நம் வீட்டுப் பரங்கி பெரும்பாலும் குக்குர்பிட்டா மொஸ்காட்டா. இரண்டுமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. ஆயுத பூஜையன்று துறைமுகச் சாலை நெடுகிலும் லாரிகளுக்கு முன்னால் குங்குமம் தடவி உடைக்கப்படும் வெண்பூசணி வேறு. அது ஆசியாவின் சொந்தக் கொடி. ஆனாலும் மூன்றும் ஒரே குடும்பம். கொடி படரும் விதமும், கணுவில் வேர் விடும் குணமும், மண்ணிடம் கேட்கும் தீனியும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே லிமிங்டனில் கற்றுக்கொண்டது மணலி வீட்டுத் தோட்டத்துக்கும் உதவும்.

முதலில் அந்தத் துளிகள். தாவரத்தில் இரண்டு குழாய்த் தொகுதிகள் உண்டு: வேரிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் சைலம், இலை சமைத்த சர்க்கரையைக் காய்க்கும் வேருக்கும் கொண்டுபோகும் புளோயம். பெரும்பாலான செடிகளில் சைலத்துக்கு வெளிப்பக்கம் மட்டுமே புளோயம் இருக்கும். பூசணிக் குடும்பத்தில் இரு பக்கமும் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் தாவரவியல் படித்தவர்களுக்குக் குக்குர்பிட்டா தண்டின் வெட்டுத் தோற்றம் நினைவிருக்கலாம். இருபக்க ஒருங்கமைந்த கற்றைக்கு அதுதான் எப்போதும் எடுத்துக்காட்டு. வெட்டிய பரங்கியில் துளிர்ப்பது இந்தப் புளோயச் சாறே. தாவரச் சாற்றை ஆராய விரும்பிய விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகளாகப் பரங்கியைத் தேடிப் போனதற்கும் இதுவே காரணம். வெட்டினால் உடனே கசியும் செடி வேறு அதிகம் இல்லை.

ராட்சதப் பரங்கியின் இலை மற்றப் பரங்கி இலையைவிட அதிகமாகச் சர்க்கரை சமைக்கிறதா? ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜெசிக்கா சாவேஜும் மிஷெல் ஹோல்புரூக்கும் சக ஆய்வாளரோடு சேர்ந்து இதைச் சோதித்து, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். இலையின் ஒளிச்சேர்க்கை வேகத்தில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. வித்தியாசம் குழாயில் இருந்தது. ராட்சத வகையில் புளோயத் திசுவின் அளவு அதிகம். பெரிய காயைத் தேர்ந்து தேர்ந்து விதை எடுத்த விவசாயிகள், தங்களுக்கே தெரியாமல், சர்க்கரை போகும் பாதையை அகலப்படுத்திக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். பாதை அகலமாக இருந்தாலும், அதில் அனுப்ப இலை வேண்டும். இலைக்குத் தண்ணீரும் சத்தும் தர வேர் வேண்டும். வந்தது வேறெங்கும் சிதறாமல் ஒரே காய்க்குப் போக வேண்டும். வளர்ப்பவரின் வேலை இந்த மூன்றும்தான்.

ஒரு பரங்கிக் கொடியின் கணுவை விரலால் தூக்கிப் பார்த்தால் அங்கே ஐந்து உறுப்புகள் ஒன்றாகக் கூடியிருப்பது தெரியும். நீளக் காம்போடு ஓர் இலை. பிடித்துக்கொள்ள ஒரு சுருள். ஒரு பூமொட்டு. பக்கக் கொடியாகக் கிளைக்கக் காத்திருக்கும் ஒரு குருத்து. தரையைப் பார்த்த பக்கத்தில் வெண்மையாக, மழுங்கிய முனையோடு ஒரு வேர். ஈரமண் பட்டால் அந்த முனை சில நாட்களில் இறங்கிவிடும்; காய்ந்த தரை என்றால் கருகி நின்றுவிடும். ராட்சதக் காய் வளர்ப்பவர்கள் இந்த ஐந்தில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக முடிவு செய்கிறார்கள். இலையைக் காப்பாற்றுகிறார்கள். சுருளைப் பல இடங்களில் கிள்ளிவிடுகிறார்கள். பூவில் பிடித்த பிஞ்சுகளில் ஒன்றைத் தவிர மற்றவற்றை அகற்றுகிறார்கள். குருத்தை இடம் பார்த்து விடுகிறார்கள். வேருக்கு மண் அணைக்கிறார்கள்.

மண் அணைப்பதுதான் இதில் பெரிய வேலை. கொடி நீளும்போதெல்லாம் அதன் பாதையில் சிறு பள்ளம் பறித்து, கணுவை அதில் படுக்கவைத்து, மேலே மட்கிய உரம் கலந்த மண்ணைப் போட்டு மூடுகிறார்கள். அப்படி மூடிய ஒவ்வொரு கணுவும் ஒரு புதிய வேர்த்தொகுதி. தாய் வேரில் அழுகல் வந்தாலும், பக்கத்துக் கணு வேர்கள் கொடியைப் பிழைக்கவைத்துவிடும்.

தமிழ்நாட்டுச் சர்க்கரைவள்ளி விவசாயிகள் இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறார்கள். வள்ளிக் கொடியை அவ்வப்போது தூக்கிப் புரட்டிப் போடுவார்கள். கணுவில் வேர் இறங்கினால் அங்கங்கே சுண்டுவிரல் அளவுக் கிழங்கு கட்டி, தாய்க் கிழங்கு சிறுத்துவிடும் என்பது அனுபவம். இரண்டு பயிரிலும் கணு வேரின் வேலை ஒன்றே. வள்ளியில் வேரே சேமிப்புக் கிடங்கு என்பதால் புதிய வேர் போட்டியாகிறது. பரங்கியில் கிடங்கு மேலே, காயில் இருக்கிறது. அங்கே புதிய வேர் உதவிக்கு வரும் கை. வேளாண்மையில் எந்த வேலையும் தன்னளவில் சரியோ தவறோ இல்லை, அறுவடை செய்யப்போவது எந்த உறுப்பை என்பதே தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

கொடியைப் படரவிடும் முறைக்கு வருவோம். தாய்க்கொடி நேராக ஒரே திசையில் போகும். அதன் இருபுறமும் பக்கக் கொடிகளைச் செங்குத்தாகத் திருப்பிவிடுவார்கள். மேலிருந்து பார்த்தால் மீனின் நடுமுள்ளும் அதிலிருந்து இரண்டு பக்கமும் பிரியும் சிறு முட்களும் போல இருக்கும். காசிமேட்டுக்குப் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு இதைப் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. பக்கக் கொடி 8 முதல் 12 அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுகிறார்கள். பக்கக் கொடியிலிருந்து கிளைக்கும் மூன்றாம் நிலைக் கொடி ஒன்றைக்கூட விட்டுவைப்பதில்லை. விட்டால் இலை மேல் இலை ஏறி நிழல் விழும். நிழலில் கிடக்கும் இலை சம்பாதிப்பதைவிடச் செலவழிப்பது அதிகம். காற்றோட்டமும் கெட்டு, சாம்பல் நோய் அங்கிருந்துதான் தொடங்கும்.

இப்படி ஒரு செடிக்கு 400 முதல் 800 சதுர அடி வரை ஒதுக்குகிறார்கள். சென்னைக் கணக்கில் சொன்னால் ஒரு கிரவுண்டில் மூன்று செடி, அதிகம் போனால் ஆறு.

காய் எந்த இடத்தில் அமைய வேண்டும் என்பதும் தற்செயலுக்கு விடப்படுவதில்லை. தாய்க்கொடியில், தூரிலிருந்து 10 முதல் 15 அடி தள்ளி வரும் பெண்பூவைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அதற்கு முன்பே அமைந்தால் கொடி முழுதாக வளர்ந்திருக்காது, தீனி போடப் போதிய இலை இருக்காது. தாமதமானால் காய்க்கு நாள் போதாது. பெண்பூவை அடையாளம் காண்பது எளிது: இதழுக்குக் கீழே குட்டிப் பரங்கியே உருண்டையாக உட்கார்ந்திருக்கும். ஆண்பூவுக்கு நீண்ட மெல்லிய காம்பு மட்டும். மார்கழி விடியலில் கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் செருகிவைக்கப்படும் மஞ்சள் பூக்களில் பெரும்பாலானவை ஆண்பூக்கள். கொடியில் ஆண்பூ பெண்பூவைவிடப் பல மடங்கு பூக்கும் என்பதால் சிலவற்றைப் பறித்தாலும் காய்ப்பு குறைவதில்லை. பூ விடியற்காலையில் மலர்ந்து முற்பகலுக்குள் வாடத் தொடங்கிவிடும். கையால் மகரந்தம் சேர்ப்பவர்கள் முதல் நாள் மாலையே பெண்மொட்டைத் துணியால் மூடி வைத்து, மறுநாள் காலை மலர்ந்ததும் ஆண்பூவின் இதழ்களை உரித்துவிட்டு மகரந்தத் தண்டைச் சூல்முடியில் மெல்லத் தடவுகிறார்கள்.

பிஞ்சு பிடித்தபின் கணக்கு வேகமாக நகரும். உச்சக்கட்ட நாட்களில் ஒரு ராட்சதக் காய் ஒரு நாளைக்கு 20 கிலோவுக்கு மேல் ஏறும். அந்த நேரத்தில் ஆபத்து காம்பில்தான் காத்திருக்கிறது. காய் பருக்கப் பருக்க அதன் தோள் கொடியை முட்டித் தள்ளும். கொடி மண்ணோடு வேர்பிடித்து அசையாமல் இருந்தால் காம்பு முறியும், அல்லது விரிசல் விடும். ஆகவே இத்தனை நாள் பாடுபட்டு இறக்கிய கணு வேர்களில் காய்க்கு அருகே உள்ள சிலவற்றை மட்டும் அவர்களே அறுத்துவிடுகிறார்கள். பிஞ்சு சிறியதாக இருக்கும்போதே கொடியைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, காம்புக்கும் கொடிக்கும் இடையே செங்கோணம் வரச் செய்கிறார்கள். காயின் அடியில் மணல் பரப்புகிறார்கள்: ஈரம் தேங்காது, காய் நகர்ந்து வளரவும் இடம் கொடுக்கும். மேலே துணி கட்டி நிழல் தருகிறார்கள். வெயில் பட்ட தோல் சீக்கிரம் முற்றி இறுகும். இறுகிய தோல் உள்ளிருந்து வரும் அழுத்தத்துக்கு விரிந்து கொடுக்காது.

ராட்சதக் காய்கள் உருண்டையாக இல்லாமல் தட்டையாகச் சரிந்து கிடப்பதற்கும் காரணம் உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் டேவிட் ஹூவும் சக ஆய்வாளர்களும் இதை அளந்து பார்த்தார்கள். குறிப்பிட்ட எடைக்கு மேல் காய் தன் பாரத்தாலேயே அமுங்குகிறது; அமுங்கிய நிலையிலேயே புதிய திசு சேர்வதால் அந்த வடிவமே நிலைத்துவிடுகிறது. தோலில் உள்குழி வரை ஒரு பிளவு விழுந்தால் அந்தக் காய் போட்டியிலிருந்து நீக்கப்படும். வறண்டு கிடந்த மண்ணுக்கு ஒரே நாளில் அதிகத் தண்ணீர் விட்டால் அந்தப் பிளவு வரும். நாள் தவறாமல் ஒரே அளவு தண்ணீர் என்பது இவர்களிடம் வேதவாக்கு.

மண்ணுக்கு வருவோம். ராட்சதக் காய்ப் பாத்திகளில் பலகைகள் போட்டிருப்பார்கள். வளர்ப்பவர் அதன் மேல்தான் நடப்பார். மனிதக் காலடி பட்ட மண்ணில் துளைகள் அடைபடுகின்றன. காற்று போகாத இடத்தில் வேர் மூச்சுவிடாது. போட்டி முடிந்த மாதமே அடுத்த ஆண்டுக்கான மண் பரிசோதனை நடக்கும். மட்கு, இலைதழை, தொழுவுரம் என்று கரிமப் பொருள் ஏறிக்கொண்டே போகும். பி.எச். 6.5-க்கும் 7-க்கும் இடையில் நிற்கும்படி பார்த்துக்கொள்வார்கள்.

காய் மண்ணிடமிருந்து எவ்வளவு எடுக்கிறது என்பதைத் தோராயமாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சமையல் பரங்கியில் 100 கிராமுக்குச் சுமார் 1 கிராம் புரதமும் 340 மில்லிகிராம் பொட்டாசியமும் இருக்கின்றன. அதே விகிதம் 1,278 கிலோ காய்க்கும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு காய்க்குள் ஏறத்தாழ 2 கிலோ நைட்ரஜனும் 4.3 கிலோ பொட்டாசியமும் போயிருக்கும். நைட்ரஜனைப் போல் இரண்டு மடங்கு பொட்டாசியம். காய் பருக்கும் காலத்தில் யூரியாவைக் குறைத்துப் பொட்டாஷைக் கூட்டும் வழக்கத்துக்கு இந்தக் கணக்கே விளக்கம். சர்க்கரையை இலையிலிருந்து புளோயத்துக்குள் ஏற்றவும் பொட்டாசியம் தேவை. நைட்ரஜன் மிஞ்சினால் கொடி காடாக மண்டும், ஆண்பூ பெருகும், பெண்பூ தள்ளிப்போகும்.

நைட்ரஜன் என்றால் மணலிக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் நிறுவனம் 1966-இல் மத்திய அரசும் அமெரிக்க எண்ணெய் நிறுவனமான அமோக்கோவும் சேர்ந்து தொடங்கியது; 1971-இல் மணலியில் உற்பத்தி ஆரம்பமானது. பக்கத்திலேயே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969 முதல் இயங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்து வந்த நாஃப்தாவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா, அம்மோனியாவிலிருந்து யூரியா. எண்ணூரில் திரவ எரிவாயு முனையம் வந்த 2019-ஆம் ஆண்டிலேயே நாஃப்தாவுக்குப் பதில் இயற்கை எரிவாயுவுக்கு மாறினார்கள். ‘விஜய்’ என்று அச்சிட்ட யூரியா மூட்டைகளும் 17:17:17 கலப்பு உர மூட்டைகளும் தென்மாநில வயல்களுக்கு இங்கிருந்துதான் போயின. ஆண்டுக்கு 4.8 லட்சம் டன்னுக்கு மேல் யூரியா தயாரிக்கும் திறன் கொண்ட ஆலை அது.

யூரியா மண்ணில் விழுந்ததும் செடிக்கு உணவாகிவிடாது. மண்ணிலுள்ள யூரியேஸ் என்ற நொதி அதை அம்மோனியமாக உடைக்க வேண்டும். கார மண்ணின் மேற்பரப்பில், வெயிலில் தூவிவிட்டால் அதில் ஒரு பங்கு அம்மோனியா வாயுவாகி மறுபடி காற்றுக்கே போய்விடும். மண்ணுக்குள் புதைத்து உடனே தண்ணீர் விடச் சொல்வது இதற்காகத்தான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரங்கிக்குச் சொல்லும் அளவு மிகச் சிறியது: குழிக்கு 10 கிலோ தொழுவுரம், அடியுரமாக 6:12:12 கலப்பு உரம் 100 கிராம், விதைத்து 30 நாள் கழித்து மேலுரமாக 10 கிராம் நைட்ரஜன். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன் என்பதால் அந்த மேலுரம் சுமார் 22 கிராம் யூரியா. உர ஆலை நிற்கும் ஊரிலும் பரங்கிக்கு முதல் உணவு சாணிதான். யூரியா ஊறுகாய் அளவே.

இங்கே உரத்துக்குக் குறைவில்லை. மண்தான் கேள்வி. புழல் ஏரியின் உபரிநீர்க் கால்வாய் மணலியைத் தொட்டு, சடையங்குப்பம் வழியாகக் கொசஸ்தலையாற்றில் சேர்ந்து எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகிறது. தாழ்வான நிலம். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். கோடையில் பல இடங்களில் கிணற்று நீர் உப்புக் கரிக்கும். மண்ணின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் அது உவர் நிலம். உவரில் உள்ள சோடியம் களிமண்ணைப் பிடித்துவைத்திருக்கும் கால்சியத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்காருகிறது; களித் துகள்கள் பிரிந்து துளைகளை அடைக்கின்றன; மழையில் சேறு, வெயிலில் கல். ஜிப்சம் போட்டு நல்ல தண்ணீரால் அலசினால் கால்சியம் மீண்டும் இடம் பிடிக்கும். உவரையும் தேங்கும் நீரையும் தாங்கும் தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவது தமிழ்நாட்டு விவசாயிகளின் பழைய வைத்தியம். மணலி மண்ணுக்கு அது மிகப் பொருத்தம். பொட்டாஷிலும் கவனம் வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் மியூரியேட்டில் குளோரைடு இருக்கிறது. ஏற்கெனவே உப்பேறிய மண்ணுக்கு சல்பேட் ஆஃப் பொட்டாஷ் நல்லது.

உப்பைவிடக் கனமான விஷயம் இன்னொன்று. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் நாட்டின் தொழிற்பகுதிகளை மதிப்பிட்டபோது, மணலி 76.32 புள்ளியுடன் கடுமையாக மாசடைந்த பகுதிகளின் பட்டியலில் இடம்பெற்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து, மணலி வட்டாரத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை படர்ந்தது. வடிந்த இடங்களில் சுவரில் கறுப்புக் கோடு தெரிந்தது. மண்ணுக்குள் இறங்கியது கண்ணுக்குத் தெரியாது.

பரங்கிக் குடும்பம் இங்கே வேறொரு காரணத்துக்காகவும் கவனத்துக்கு உரியதாகிறது. டி.டி.டி. பூச்சிக்கொல்லி மண்ணில் சிதைந்து டி.டி.இ. ஆகும், பிறகு பல பத்தாண்டுகள் அப்படியே கிடக்கும். தண்ணீரில் கரையாத அதைச் செடிகள் பொதுவாக உறிஞ்சுவதில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஜேசன் ஒயிட் பல பயிர்களை ஒப்பிட்டபோது, பரங்கியின் நெருங்கிய உறவான சுக்கினி அதைத் தண்டு வரை இழுத்துக்கொண்டுபோவது தெரிந்தது. கனடாவில் கிங்ஸ்டன் ராணுவக் கல்லூரியின் பார்பரா ஸீப் குழு, மின்மாற்றி எண்ணெய்களில் இருந்த பி.சி.பி. நச்சு படிந்த மண்ணைச் சுத்தம் செய்யப் பரங்கிக் கொடியையே நட்டுப் பார்த்தது. கரையாத பொருளைச் சாற்றில் மிதக்கவைத்து மேலே ஏற்றும் புரதங்களை ஜப்பானின் கோபே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் அடையாளம் கண்டார்கள். இந்தக் குணம் முக்கியமாகக் குக்குர்பிட்டா பெப்போ என்ற இனத்தில், அதிலும் சில துணையினங்களில் ஓங்கியிருக்கிறது. நம் வீட்டுப் பரங்கியின் மேல் அதே குற்றத்தைச் சுமத்த முடியாது. ஈயம் போன்ற உலோகங்கள் பொதுவாகக் காயைவிட வேரிலும் இலையிலும்தான் தங்கும். ஆனால் பரங்கியின் இளங்கொடியையும் கீரையாகச் சமைப்பவர்கள் உண்டு. அவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மணலியில் ஆயிரம் கிலோ காய் வருமா? வராது. லிமிங்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறு மணி நேரத்தைத் தாண்டுகிறது. சென்னையின் மிக நீண்ட பகல் 13 மணி நேரத்தைக்கூடத் தொடுவதில்லை. இரவு வெப்பம் அதிகமானால் செடி பகலில் சேர்த்த சர்க்கரையைச் சுவாசத்திலேயே எரித்துவிடும். கோடைப் பகலின் சூட்டில் மகரந்தம் வலுவிழந்து பிஞ்சு வெம்பி உதிரும். குளிர்நாட்டு விதையை இங்கே கொண்டுவந்து ஏமாறுவதில் பயனில்லை. கோயம்புத்தூரில் உருவான கோ 1 பரங்கி 7 முதல் 8 கிலோ காய் தரும், வயது 175 நாள். கோ 2 சிறியது, காய் 1.5 முதல் 2 கிலோ, 135 நாளில் முடியும். கொடி நிர்வாகத்தைக் கற்றுக்கொள்ள கோ 1 போதும்.

பல்கலைக்கழகம் சொல்லும் இரு பட்டங்களில் ஜூன்-ஜூலை விதைப்பு மணலியின் தாழ்ந்த பகுதிகளுக்கு ஒத்துவராது. கொடி முழு வீச்சில் இருக்கும்போது வடகிழக்குப் பருவமழை வந்து வேரை மூழ்கடிக்கும். டிசம்பர்-ஜனவரி விதைப்பே சரி. ஜனவரியில் சென்னைப் பகல் 30 டிகிரியை ஒட்டியும் இரவு 21 டிகிரியை ஒட்டியும் இருக்கும். ஆண்டில் பரங்கிக்கு மிகவும் பிடித்த நாட்கள் அவை. இரண்டு இலைப் பருவத்தில் தொடங்கி வாரம் ஒருமுறையாக நான்கு முறை 250 பி.பி.எம். எத்ரல் தெளித்தால் பெண்பூ கூடும். எத்ரல் செடிக்குள் சிதைந்து எத்திலீன் வாயுவைத் தருகிறது, அதுவே பெண்பூவுக்கான சைகை. மருந்தில் ஓர் எச்சரிக்கை: கந்தகத் தூளும் தாமிரத் தூளும் இந்தக் குடும்பத்தின் இலையைக் கருக்கிவிடும். சிவப்பு வண்டைக் காலையில் கையால் பொறுக்குவதும், பழ ஈ குத்திய பிஞ்சை எடுத்துப் புதைப்பதும் வீட்டுத் தோட்டத்துக்குப் போதுமான வைத்தியம்.

மாடித்தோட்டக்காரர்களுக்குக் கணு வேர் இன்னும் முக்கியம். ஒரு பையில் விதை ஊன்றி, கொடியைச் சிமெண்டுத் தரையில் படரவிட்டால் அத்தனை இலைக்கும் அந்த ஒரு பை மண்தான் கதி. கொடி போகும் வழியில் மட்கிய உரமும் தென்னைநார்க் கழிவும் நிரப்பிய இரண்டாவது, மூன்றாவது பையை வைத்து, கணுவை அதன்மேல் படுக்கவைத்து மண் அணைத்தால் அங்கே புது வேர் இறங்கும். முதல் பிஞ்சை நிறுத்தி, மற்றதைக் கிள்ளிவிட்டு, பக்கக் கொடியின் நுனியை ஒடித்துப் பாருங்கள். காய் வித்தியாசம் காட்டும்.

தரையில் ஊன்ற நினைக்கும் மணலி, எண்ணூர், திருவொற்றியூர்க்காரர்கள் அதற்கு முன் ஒரு காரியம் செய்ய வேண்டும். 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 அளவுகள் பார்க்கிறார்கள்: தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், பி.எச்., மின்கடத்துத்திறன், கரிமச் சத்து. ஈயமும் காட்மியமும் எண்ணெய்க் கழிவும் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றைத் தனியாகக் கேட்டுத்தான் சோதிக்க வேண்டும். ஆய்வகத்தில் மண்ணைக் கொடுக்கும்போதே கன உலோகமும் பார்க்கச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை, அல்லது முடிவு சரியில்லை என்றால், பழைய தரையின் மேல் தார்ப்பாய் விரித்து, வெளியிலிருந்து கொண்டுவந்த நல்ல மண்ணால் ஒன்றரை அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி எழுப்பி, அதில் ஊன்றுங்கள். கணு வேர் இறங்கும் இடமெல்லாம் அந்த மேட்டுக்குள்ளேயே இருக்கும்படி கொடியைத் திருப்பிவிடுங்கள்.